ஏவலும் வியங்கோளும்: விளிம்புக் கணிமை ஆவணங்களின் தமிழாக்கத்தில் ஓர் இலக்கணச் சிக்கல்

கணினித்துறை ஆவணங்களைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தையே தம் முதன்மைச் சிக்கலாகக் கருதுகின்றனர். சொற்பட்டியல் அமைந்துவிட்டால் மொழிபெயர்ப்பு தானே அமையும் என்னும் நம்பிக்கை இதற்கு அடிப்படையாகும். ஆயின், மேகக் கணிமைக்கென உருவான மென்பொருள் தளங்களைத் தொலைவிடங்களில் நிறுவி மேலாளும் முறைகளை விளக்கும் ஆவணங்களில் சொல்லைக் காட்டிலும் வினைமுற்றே மிகுந்த இடர் தருகிறது. இக்கட்டுரை அவ்விடரை விளக்க முற்படுகிறது.

மேகக் கணிமையில் தரவுகள் தொலைவிலுள்ள பெரிய தரவு நடுவங்களுக்குச் சென்று கணிக்கப்பெறுகின்றன. விளிம்புக் கணிமையிலோ தரவு பிறக்கும் இடத்திற்கு அருகிலேயே, அதாவது கடையிலோ ஆலையிலோ கைப்பேசிக் கோபுரத்தடியிலோ, சிறு கணினிகள் அப்பணியைச் செய்கின்றன. காலத்தாழ்வைக் குறைத்தல், இணைப்பு அறுந்தபோதும் பணி தொடர்தல் ஆகியன இதன் நோக்கங்கள். 'ஓரம்' என்னும் சொல் இங்குப் பொருந்தாது. ஓரவஞ்சனை, ஓரங்கட்டுதல் முதலிய வழக்குகள் அதற்கு வேறொரு நிறம் ஏற்றியுள்ளன. 'விளிம்பு' என்பதிலும் விளிம்புநிலை மக்கள் என்னும் வழக்கின் சாயல் உண்டு. எனினும் அதனை ஏற்கலாம். மையத்தில் நிற்பவன் சூட்டிய பெயர் இது என்பதை அச்சாயல் மறைக்காமல் காட்டுகிறது.

இத்தளங்களுள் பரவலாகப் பயன்படுவது குபர்நெட்டிஸ் ஆகும். கூகுள் நிறுவனம் 2014இல் இதனை வெளியிட்டது. 2015இல் இதன் முதற் பதிப்பு வந்தது. பெயர் கிரேக்கச் சொல். மீகாமன் என்பது பொருள். நார்பர்ட் வீனர் 1948இல் தம் துறைக்கு இட்ட சைபர்நெட்டிக்ஸ் என்னும் பெயரும் இதே வேரினது. பத்து ஆங்கில எழுத்துகள் கொண்ட இப்பெயரின் முதலும் ஈறும் நிற்க, இடையிலுள்ள எட்டெழுத்தை எண்ணாற் சுருக்கிக் கே8எஸ் என எழுதுவர். தமிழ் எழுத்துகளை எண்ணினால் இடையில் நிற்பவை ஐந்தே; சுருக்கமும் கு5ஸ் என்றாகும். சிறுகணினிகளுக்கென 2019இல் வெளிவந்த கே3எஸ் என்னும் வடிவத்தின் பெயரும் இவ்வெண் விளையாட்டிற் பிறந்ததே. அதற்கு விரிவடிவம் கிடையாது. இத்தகைய பெயர்களைப் பெயர்க்காமல் ஒலிபெயர்ப்பதே முறை.

இனி வினைக்கு வருவோம். கணினிக்கு ஒன்றைச் சொல்லும் முறை இருவகைப்படும். 'மூன்று படிகளைத் தொடங்கு' என்பது ஒரு முறை. இது கட்டளை. இரண்டுமுறை சொன்னால் ஆறு படிகள் இயங்கும். 'மூன்று படிகள் இயங்கும் நிலை வேண்டும்' எனக் கோப்பில் எழுதி வைப்பது மற்றொரு முறை. பத்துமுறை படிக்கப்பட்டாலும் படிகள் மூன்றே. ஒன்று நின்றுபோனால் தளம் தானே வேறொன்றைத் தொடங்கி எண்ணிக்கையை நிரப்பும். குபர்நெட்டிஸ் பெரிதும் இரண்டாம் முறையைச் சார்ந்தது. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் இலக்கணத்திலிருந்தே பெயர் எடுத்தனர்: முன்னது ஏவற்பாங்கு, பின்னது செய்தி வாக்கியத்தின் பாங்கு.

ஆங்கிலப் பெயரை அப்படியே பின்பற்றிப் பின்னதைச் 'செய்திமுறை' என்று பெயர்ப்பது பிழையாகும். கோப்பில் எழுதப்படுவது உள்ள நிலை பற்றிய செய்தியன்று. வேண்டும் நிலை பற்றிய விதி. ஆங்கில இலக்கணத்தில் இதற்கெனத் தனி வினைவடிவம் இல்லை, தமிழில் உண்டு. அதுவே வியங்கோள். ஏவல் முன்னிலைக்கே உரியது. கேட்போன் எதிரில் இருத்தல் வேண்டும். வியங்கோளைத் தொல்காப்பியம் படர்க்கைக்குரியதாக வரையறுத்தது. நன்னூல் அதனை மூவிடத்திற்கும் ஐம்பாலுக்கும் விரித்தது. விதித்தலும் வேண்டலும் அதன் பொருள்களாகக் கூறப்பெறுகின்றன. 'படிகள் மூன்று இயங்குக' என்னும்போது யார் இயக்குவது, எப்போது என்பன கூறப்படவில்லை. கேட்போன் எதிரில் இருப்பதும் தேவையில்லை.

விளிம்பில் இவ்வேறுபாடு இலக்கண நுட்பமாக மட்டும் நிற்பதில்லை. அமெரிக்காவில் சிக்-ஃபில்-ஏ என்னும் உணவக நிறுவனம் 2018 அளவில் ஏறத்தாழ 2,000 உணவகங்களில், ஒவ்வொன்றிலும் மும்மூன்று சிறுகணினிகள் கொண்டு, குபர்நெட்டிஸை நிறுவியது. ஆறாயிரம் கணினிகளுக்கும் மையத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏவல் அனுப்புவதாயின், இணைப்பற்றிருந்த உணவகம் அந்த ஏவலை இழந்துவிடும். ஆகவே வேண்டிய நிலையை ஒரு களஞ்சியத்தில் எழுதிவைக்கின்றனர். உணவகத்துக் கணினி இணைப்புக் கிடைத்தபோது அதனைத் தானே எடுத்துப் படித்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது; இணைப்பு இல்லாதபோது இறுதியாகப் படித்த நிலையைக் காக்கிறது. ஹுவாவே நிறுவனம் தொடங்கிய கியூப்எட்ஜ் என்னும் தளமும் விளிம்புக் கணினியிலேயே இந்நிலைக்குறிப்பைச் சேமித்துவைக்கிறது. வழிகாட்டி ஏட்டில் இக்கோப்புகளின் விளக்கத்தை 'இயக்கு', 'நிறுத்து', 'மாற்று' என ஏவலாகப் பெயர்த்தால், படிப்பவர் கட்டளை உடனே நிறைவேறும் என எதிர்பார்ப்பார். நிறைவேறாதபோது மீண்டும் மீண்டும் கைச்செயலாகத் தலையிடுவார். தளம் அம்மாற்றத்தை விதிக்கு மாறானதெனக் கண்டு பழைய நிலைக்கே மீட்கும். கோப்பைத் தளத்திடம் ஒப்படைக்கும் கட்டளைச் சொல்லை அகராதி பார்த்து 'விண்ணப்பி' எனப் பெயர்க்கும் இடரும் உண்டு. 'பொருத்து' என்பதே ஏற்றது.

இதனினும் கடுமையான சிக்கல் நிலைக்குறிப்புச் சொற்களில் உள்ளது. கணினி ஒன்று ஆயத்தமாக உள்ளதா என்னும் வினாவிற்குக் குபர்நெட்டிஸ் மூன்று விடைகளை வைத்துள்ளது: ஆம், இல்லை, தெரியவில்லை. மையத்திற்கு அக்கணினியிடமிருந்து ஒரு நிமிடத்திற்கும் குறைவான இடைவெளியில் செய்தி வராவிடின் விடை 'தெரியவில்லை' என மாறும். அங்கிருந்த பணிகள் இயல்பு அமைப்பின்படி மேலும் 300 நொடிகள் கழித்து நீக்கத்திற்குக் குறிக்கப்பெறும். ஒரே தரவு நடுவத்திற்குள் இது பெரும்பாலும் சரியான ஊகம். விளிம்பிலோ கம்பி அறுந்திருக்கலாம். கணினி நலமாக இயங்கிக்கொண்டிருக்கலாம். 'தெரியவில்லை' என்பதைத் தெளிவுக்காகச் 'செயலிழந்தது' எனப் பெயர்ப்பவர் மூலத்தில் இல்லாத ஒரு கூற்றை இட்டுவிடுகிறார். அறியாமை பற்றிய கூற்று, அறியப்பட்ட பொருள் பற்றிய கூற்றாகிவிடுகிறது. தமிழ் எழுவாயைத் தொகுத்து வழங்கும் மொழியாதலின் 'தெரியவில்லை' என்பது மட்டும் நின்றால் யாருக்கு என்னும் ஐயமும் எழும். 'மையத்திற்குத் தெரியவில்லை' என விரித்தெழுதுதல் நலம்.

நீக்கத்திற்குக் குறிக்கப்பெற்ற பணியின் எதிரே ஆங்கிலத்தில் தொடர்வினை வடிவம் ஒன்று தோன்றும். அதனை 'முடிவுறுகிறது' என்று பெயர்ப்பதே இயல்பாகத் தோன்றும். ஆனால் இணைப்பற்ற கணினிக்கு நீக்கச்செய்தி சென்று சேரவில்லை; அங்கு எதுவும் முடிவுறவில்லை. தரவைத் தனக்கெனக் காக்கும் பணிகளுக்குத் தளம் பழையது நின்றதை உறுதிசெய்யும் வரை மாற்றைத் தொடங்காமல் காத்திருக்கும். 'செயலிழந்தது', 'முடிவுறுகிறது' என்னும் இரு தமிழ்த்தொடர்களையும் திரையில் கண்ட இரவுப்பணியாளர், தேங்கிப்போன பதிவு என்றெண்ணி அதனை வலிந்து நீக்குவாராயின், அதே பெயரில் இரு பணிகள் இயங்கி ஒரே தரவில் எழுதும் நிலை உண்டாகலாம். குபர்நெட்டிஸின் ஆவணங்களே வலிந்த நீக்கத்தை எச்சரிக்கின்றன. இவ்விடத்தில் நிகழ்கால வினைமுற்றைத் தவிர்த்து 'நீக்க விதிக்கப்பட்டது. உறுதி வரவில்லை' என எழுதுதல் நீளமாயினும் பிழையற்றது. திரையில் இடம் போதாது என்னும் காரணம் காட்டி இடைமுகம் வடிப்போர் இதனைச் சுருக்கக் கோருவர். அப்போதும் விடத்தக்கது முதற்பகுதியே. 'உறுதி வரவில்லை' என்பதை விடலாகாது.