எங்கே கூடிப் பேசுவது?

2021 மே 19. ஃப்ரீநோட் என்ற இணைய அரட்டை வலையமைப்பை ஊதியமில்லாமல் நடத்திவந்த தன்னார்வலர்கள் கூட்டாக விலகினார்கள். கட்டற்ற மென்பொருள் உலகத்துக்கு அது சின்னச் செய்தி இல்லை. உபுண்டு இயங்குதளம், விக்கிப்பீடியா என எத்தனையோ திட்டங்களின் ஆட்கள் பல ஆண்டுகளாக அன்றாடம் கூடிப் பேசிய இடம் அது. அதன் பெயரிலிருந்த நிறுவனம் 2017இலேயே ஒரு தொழிலதிபரின் கைக்குப் போயிருந்தது. வலையமைப்பு யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற தகராறு 2021இல் முற்றியது. விலகியவர்கள் லிபெரா சாட் என்று புதிதாக ஒன்றைத் திறந்தார்கள். ஒரு வாரம் கழித்து, “லிபெராவுக்கு மாறுகிறோம்” என்று தலைப்பில் எழுதிவைத்த நூற்றுக்கணக்கான சேனல்களை, அதாவது அரட்டை அறைகளை, ஃப்ரீநோட் நிர்வாகம் தன்வசம் எடுத்துக்கொண்டது. ஜூன் மாதம் பழைய கணக்குகளையும் சேனல் பதிவுகளையும் கைவிட்டுவிட்டு வெறுமையிலிருந்து தொடங்கியது. உபுண்டுவும் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவும் அதற்குள் லிபெராவுக்குப் போய்விட்டன.

உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் தன்னார்வலர்களுக்கு அலுவலகம் கிடையாது, சம்பளம் கிடையாது, மேலாளர் கிடையாது. அவர்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது பேச்சு மட்டும்தான். அந்தப் பேச்சு எங்கே நடக்கிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்வதில்லை. பாதிப் பேரின் போனில் ஏற்கெனவே ஒரு செயலி இருக்கிறது, அதிலேயே குழு தொடங்கிவிடலாம் என்று ஒருவர் சொல்வார், தொடங்கிவிடுவார்கள். மீதிப் பாதியின் குரல் அன்றைக்கே தேயத் தொடங்குகிறது. எந்தச் செயலி என்பதைத் தொழில்நுட்பக் கேள்வியாகப் பார்ப்பதே தவறு என்று நினைக்கிறேன். முடிவெடுக்கும்போது யார் அறைக்குள் இருப்பார்கள் என்பதுதான் கேள்வி.

அதை ஒழுங்காகக் கேட்டவர்களும் உண்டு. ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மோசில்லாவின் தன்னார்வலர்கள் நெடுங்காலம் ஐஆர்சியில்தான் பேசினார்கள். பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் 1988இல் பிறந்த எளிய அரட்டை முறை அது. வேகமானது, இலவசமானது, யாருக்கும் சொந்தமில்லாதது. ஆனால் அதற்கு ஞாபகம் கிடையாது. நீங்கள் இணைப்பில் இல்லாத நேரத்தில் பேசப்பட்டது உங்களுக்கு வராது. யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் நுழைந்து ஒருவரைத் துன்புறுத்திவிட்டு மறையலாம், தடுக்கும் கருவிகளும் போதாது. 2019இல் மோசில்லா ஐஆர்சியை விட்டு வெளியேறப்போவதாக அறிவித்து, மாற்றாக நான்கை எடுத்துக்கொண்டது: மேட்டர்மோஸ்ட், மேட்ரிக்ஸ், ராக்கெட் சாட், ஸ்லாக். நான்கையும் ஆட்கள் பயன்படுத்திப் பார்த்துக் கருத்துச் சொல்ல வழி செய்தது. பார்வையற்றவர் திரைவாசிப்பானோடு உள்ளே வர முடியுமா, தொல்லை தருபவரை வெளியேற்ற முடியுமா, சமூகத்தின் நடத்தை விதிகளைச் செயல்படுத்த முடியுமா என்பவையெல்லாம் பரிசீலனையில் இருந்தன. அந்த ஆண்டு இறுதியில் மேட்ரிக்ஸ் தேர்வானது. 2020 மார்ச்சில் பழைய ஐஆர்சி சர்வர் மூடப்பட்டது. மேட்ரிக்ஸ் குறையில்லாதது என்று சொல்ல வரவில்லை. அங்கே வழிமுறை சரியாக இருந்தது: என்ன வேண்டும் என்பதை முதலில் சொன்னார்கள், பிறகுதான் கருவியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நேரம் என்பது இதில் மிகக் கொடுமையான விஷயம். சான் பிரான்சிஸ்கோவில் கோடைக்காலக் காலை பத்து மணிக்கு ஒரு கூட்டம் வைத்தால் சென்னையில் இரவு பத்தரை, டோக்கியோவில் மறுநாள் அதிகாலை இரண்டு. அரட்டைக் குழுவில் ஒரு கேள்வி எழுந்து, சூடாகப் பேசி, ஒரு மணி நேரத்தில் “சரி, அப்படியே செய்துவிடலாம்” என்று முடிந்துவிடும். ஆசியாவில் இருப்பவர் விழித்தெழும்போது நானூறு செய்திகள் காத்திருக்கும், முடிவும் கூடவே. அவரிடம் யாரும் வேண்டுமென்றே கேட்காமல் விடவில்லை. அந்த இடத்தின் அமைப்பே அவரைக் கழித்துவிட்டது.

அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை இதற்கு ஒரு பழைய மருந்து வைத்திருக்கிறது. அதன் திட்டங்களில் வாக்கெடுப்பு என்றால் பொதுவாகக் குறைந்தது 72 மணி நேரமாவது திறந்திருக்க வேண்டும். பூமியில் எந்த மூலையில் இருப்பவரும், வார இறுதியில்தான் நேரம் கிடைக்கிறது என்பவரும் பார்த்துவிட அது இடம் தருகிறது. அரட்டையில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் முடிவு மின்னஞ்சல் குழுமத்துக்கு வர வேண்டும். அங்கே வராதது நடக்காததாகவே கருதப்படும். பார்க்கப் பழமையாக இருக்கும் இந்த வழக்கம், தொடங்கியவர்களின் ஊரிலிருந்து தொலைவில் இருப்பவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர் அகராதி பார்த்து, இரண்டு முறை எழுதித் திருத்தி, தலை நிமிர்ந்து பதில் சொல்ல அது அவகாசம் தருகிறது. வீடியோ கூட்டத்தில் அவருக்கு அது ஒருபோதும் கிடைப்பதில்லை.

விக்கிப்பீடியா இன்னும் ஒருபடி மேலே போனது. கட்டுரையைத் தொகுக்கும் அதே இடத்திலேயே உரையாடலையும் வைத்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. யார், எப்போது, என்ன சொன்னார் என்பது வரலாற்றில் நிற்கும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுவிவகாரங்கள் பேசப்படும் பக்கத்தின் பெயர் ஆலமரத்தடி. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் எழுதுபவர்கள் ஒரே பக்கத்தில் வாதாடிய தடங்களை இன்றும் எவரும் படிக்கலாம்.

மறைவாகப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் விக்கிப்பீடியாவே சாட்சி. கிழக்கு ஐரோப்பிய விவகாரங்களில் ஒரே நிலைப்பாடு கொண்ட சிலர் தனி மின்னஞ்சல் குழு வைத்துக்கொண்டு, தொகுப்புகளையும் சர்ச்சைகளையும் அங்கே திட்டமிட்டு ஒருங்கிணைத்தது 2009இல் வெளியே வந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவின் நடுவர் குழு விசாரித்துப் பலர் மீது நடவடிக்கை எடுத்தது. தனியே பேசிக்கொள்வது யாருக்கும் இயல்புதான். தனியே தீர்மானித்துவிட்டுப் பொதுவில் தற்செயலாக ஒத்துப்போவதுபோல் வந்து நிற்பதுதான் நம்பிக்கையை அறுக்கிறது. இன்றைய மூடிய டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்கள் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலேயே இந்த நிலைக்கு வழுக்கிவிடக்கூடியவை. அதனால்தான் இவற்றைப் பார்த்து எனக்குக் கவலை.

தொலைபேசி எண் கேட்கும் செயலிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முகம் தெரியாத ஆயிரம் பேர் இருக்கும் குழுவில் தன் எண் தெரிந்துவிடுமோ என்று ஒரு பெண் தயங்கினால், அவர் சேராமல் போனதுகூட யாருக்கும் தெரியாது. எண்ணை மறைக்கும் வசதி இருந்தால் அதை முதல் நாளே, கண்ணில் படும்படி சொல்லிவிட வேண்டும். அரசுகளின் தடை இன்னொரு தலைவலி. 2024 அக்டோபரில் ரஷ்யாவும் துருக்கியும் அடுத்தடுத்து டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியை முடக்கின. அங்கே மட்டுமே கூடியிருந்த குழுக்களுக்கு இரண்டு நாட்டு உறுப்பினர்களை எட்டும் வழி சட்டென அடைபட்டது.

இலவசம் என்பதும் நிரந்தரம் இல்லை. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் முன்பு கடைசிப் பத்தாயிரம் செய்திகளைப் பார்க்க முடிந்தது. 2022 செப்டம்பரிலிருந்து 90 நாள் செய்திகள் மட்டும். தன்னார்வலர் குழுவுக்கு 90 நாள் என்பது ஒன்றுமே இல்லை. பரீட்சை, பிரசவம், வேலை மாற்றம் என்று நான்கு மாதம் விலகியிருந்து திரும்பி வருபவர்களால் நடக்கும் குழு அது.

ஆக, அரட்டைக் குழுக்களே வேண்டாமா? வேண்டும். புதிதாக வந்தவர் கூச்சமில்லாமல் ஒரு சின்னக் கேள்வி கேட்கவும், வேலை முடிந்து களைத்தவர்கள் நலம் விசாரித்துக்கொள்ளவும் அதைவிட நல்ல இடம் இல்லை. தோழமை அங்கேதான் வளர்கிறது. ஆனால் தீர்மானத்துக்கு வேறு இடம் வேண்டும்: கணக்கில்லாமலே படிக்கக்கூடிய, தேடினால் கிடைக்கிற, நிறுவனம் கைவிட்டால் மொத்தமாக இறக்கி எடுத்துப்போகக்கூடிய இடம். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் வேண்டும். அரட்டையில் கனிந்த யோசனையைப் பத்து வரியில் எழுதிப் பொதுப் பக்கத்தில் வைத்து, மூன்று நாள் காத்திருப்பவர். அந்த வேலையைச் செய்பவருக்கு நிரல் எழுதுபவருக்கும் கட்டுரை எழுதுபவருக்கும் தரும் மதிப்பைத் தர வேண்டும்.

1993இல் தொடங்கிய டெபியன் இயங்குதளத் திட்டத்தின் மின்னஞ்சல் குழுமங்களில், தொண்ணூறுகளின் நடுவிலிருந்து நடந்த விவாதங்கள் இன்றும் பொதுவெளியில் இருக்கின்றன. அப்போது பிறந்தே இராத ஒருவர், ஒரு விதி ஏன் அப்படி இருக்கிறது என்று தேடிப் படித்துவிட்டு, அதை மாற்றச் சொல்லி இன்றைக்கு அதே குழுமத்துக்கு எழுதலாம்.