ஏறி இறங்கும் துறைமுகம்

மத்தியதரைக் கடலோரத்தில் விடுமுறையைக் கழிப்பது என்றால் வெனிஸ் நகரத்துப் படகுகளும் காப்ரித் தீவின் நீல நீருமே நம் மனக்கண்முன் தோன்றும். நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே, சிறிது தூர ரயில் பிரயாணத்தில் எட்டிவிடக்கூடிய பொட்சுவோலி என்னும் துறைமுகத்தை யாரும் நினைப்பதில்லை. சினிமாப் பிரியர்கள் மட்டும், சோபியா லாரென் வளர்ந்த ஊராயிற்றே என்பார்கள். விஞ்ஞானம் பயிலும் என்னைக் கேட்டால், காப்ரியை விட்டுவிட்டு இங்கே இரண்டு நாள் தங்குங்கள் என்பேன். இவ்வூரின் நடுவே நிற்கும் மூன்று பளிங்குத் தூண்களே அதற்குக் காரணம்.

பழமையில் இவ்வூர் எதற்கும் இளைத்ததன்று. கிரேக்கர் குடியேறி அமைத்த ஊர். ரோமர் காலத்தில் புத்தியோலி என்ற பெயருடன் பெருந்துறையாக விளங்கியது. அலெக்சாந்திரியாவின் கப்பல்கள் இங்கே சரக்கிறக்கின. சேரநாட்டு முசிறியில் மரக்கலமேறிய மிளகு செங்கடலையும் நைல் நதியையும் கடந்து ரோமாபுரிக்குச் சென்ற பாதையில் இதுவும் ஒரு படி. பவுல் அடிகள் கைதியாக ரோமாபுரிக்குச் செல்லும் வழியில் இங்கே ஏழு நாள் தங்கினார் என்கிறது விவிலியம். இவ்வூர் எரிமலை மண்ணைச் சுண்ணாம்புடன் கலந்தால் நீருக்கடியிலும் இறுகும். பொறியியல் மாணவர்கள் அறிந்த 'பொசோலானா' என்ற சொல் இவ்வூரின் பெயரிலிருந்து பிறந்ததே.

இனித் தூண்களுக்கு வருவோம். 1750இல் தோண்டியபோது செராப்பிஸ் என்ற தெய்வத்தின் சிலை கிடைத்ததால், அந்த இடத்தைக் கோயில் என்றே எண்ணினர். உண்மையில் அது ரோமர்களின் சந்தை. தூணின் அடிப்பகுதி ஏறக்குறைய 12 அடி உயரத்துக்கு வழவழப்பாக இருக்கிறது. அதற்குமேல் சுமார் 9 அடிக்குச் சல்லடைபோல் துளைகள். கடலில் வாழ்ந்து கல்லைக் குடையும் ஒருவகைச் சிப்பியின் வேலை அது! நிலத்தில் நிற்கும் தூணில், ஆள் உயரத்துக்கும் மேலே, கடற்சிப்பிக்கு என்ன வேலை?

கடல்தான் ஏறி இறங்கியது என்று சொல்லிவிடலாமா? அவ்வாறாயின் மத்தியதரைக் கடலின் மற்றக் கரைகளும் அதே உயரத்துக்கு மூழ்கியிருக்க வேண்டுமே! ஆகவே அசைந்தது நிலம். தரை தாழ்ந்தது, தூணின் அடியை மண் மூடிக் காத்தது, மேலே நீரில் நின்ற பகுதியைச் சிப்பிகள் குடைந்தன. பிறகு தரை உயர்ந்தது. இத்தனைக்கும் தூண்கள் விழவில்லை. நிலம் மெல்ல மெல்ல அசைய வல்லது என்பதற்குச் சான்றாக, சார்ல்ஸ் லையல் 1830இல் வெளியிட்ட தம் நிலவியல் நூலின் முகப்புப் படமாக இத்தூண்களையே வைத்தார்.

இவ்வூர் ஒரு மாபெரும் எரிமலைப் பள்ளத்துக்குள் இருப்பதே இதற்கெல்லாம் மூலம். அடியிலே வாயுவும் வெந்நீரும் கற்குழம்பும் தரும் அழுத்தம் கூடினால் தரை உப்பும், குறைந்தால் தாழும். 1538இல் கரை திடீரென உயர்ந்து கடல் பின்வாங்கியது. மக்கள் கரையில் கிடந்த மீன்களை அள்ளினர். சில நாட்களில் நிலம் வெடித்து, ஒரே வாரத்தில் நானூறு அடிக்கு மேல் உயர்ந்த புதுமலை ஒன்று எழுந்தது. இன்று அதன்மேல் மரங்கள் அடர்ந்திருக்கின்றன.

பழங்கதைதானே என்று எண்ண வேண்டாம். 1970இல் தரை உயர்ந்து வந்தபோது, ரியோனே தேர்ரா என்னும் பழம்பகுதியின் மக்கள் வீடுகளைவிட்டு அப்புறப்படுத்தப்பட்டார்கள். 1982 முதல் 1984 வரை தரை மேலும் ஏறத்தாழ 6 அடி உயர்ந்தது. சுமார் 40,000 பேர் இடம்பெயர்ந்தனர். 2005க்குப் பின் மீண்டும் ஏற்றம். 2024 மே மாதத்தில் 4.4 அளவிலும், 2025இல் இருமுறை 4.6 அளவிலும் நில நடுக்கங்கள் ஏற்பட்டன. வெசுவியஸ் ஆய்வுக்கூடத்தார் தரையின் ஏற்றத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். அளவு தெரிகிறது; நாள் குறிக்கத்தான் எவராலும் இயலவில்லை. கல்லைக் கண்டு வியந்துவிட்டு நாம் ரயிலேறிவிடுவோம். அங்கே குடியிருப்பவரோ ஒவ்வோர் இரவும் அதன்மேல் உறங்க வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சொல்பதாரா என்ற புகை கக்கும் பள்ளத்தில் 2017இல் ஒரே குடும்பத்தினர் மூவர் உயிரிழந்தபின் அது பார்வையாளர்களுக்கு மூடப்பட்டது. அதை நம்பித் திட்டமிட வேண்டாம். சந்தைத் தூண்களைப் பார்த்தபின் அருகிலுள்ள சிறு படகுத்துறைக்குச் செல்லுங்கள். தரை உயர்ந்து நீர் வற்றியதால், அங்கே மீனவர் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடப்பதைக் காணலாம்.