ஒற்றைக் கண் இழப்பு: சட்டத்தின் கணக்கில் வராத காயம்

நாமகிரிப்பேட்டை என்றதும் மஞ்சள் மண்டிகளே நினைவுக்கு வரும். அம்மஞ்சளை வெட்டி, வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றித் தரும் கூலி உழைப்பில் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதி மக்களின் பங்கு கணிசமானது. காய்ந்த தாளின் முனை கண்ணில் கீறுவதும் தூசியும் மண்ணும் தெறிப்பதும் இவ்வேலையோடு பிறந்தவை. கீறல் சிறிது, வேலையை விட்டுச் சென்றால் அன்றைய கூலி போய்விடும். எனவே முந்தானையால் துடைத்துக்கொண்டு வேலை தொடர்கிறது. சில வாரங்கள் கழித்து, "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்கிறார்கள். விழுந்தது பூவன்று, கருவிழிப் புண் ஆறியபின் எஞ்சிய வெண்தழும்பு.

கண்நோய்கள் அனைத்தையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. கண்புரை என்பது விழிக்குள் இருக்கும் வில்லை மங்குவது. அறுவை செய்து செயற்கை வில்லை பொருத்தினால் பெரும்பாலோர்க்குப் பார்வை திரும்பும்; சில மாதத் தாமதத்தால் பொதுவாகப் பெருங்கேடு நேர்வதில்லை. கண் நீர் அழுத்த நோயில் போன பார்வை மீளாது. சொட்டு மருந்தாலும் அறுவையாலும் எஞ்சியதைக் காக்கலாம். கருவிழிப் புண்ணோ மணிக்கணக்கில் முடிவாகும் நோய். கருவிழியின் மேற்தோல் கீறப்பட்டதும், செடியிலும் மண்ணிலும் உள்ள பூஞ்சையும் பாக்டீரியாவும் உள்ளே புகுகின்றன. புண் ஆறினாலும் தழும்பு ஒளியை மறைத்துவிடும்.

இது அரிய நோயன்று. மதுரை மாவட்டத்தில் ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் ஏற்படுவதாக 1996இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. 1994இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இந்நோயோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூவரில் இருவருக்குக் கண்ணில் பட்ட காயமே தொடக்கம் எனத் தெரிந்தது. உழவு வேலை செய்வோரே அவர்களில் மிகுதி. ஆகவே இதனை விதி என்று சொல்வது பொய். இது தொழில்சார் நோய்.

தடுக்கும் வழி வியக்கத்தக்க அளவு எளியது. நேபாளத்தின் பக்தபூரில் ஊர்ப்புறச் சுகாதாரப் பணியாளர்கள் கண் கீறல் உற்றவர்களுக்கு மூன்று நாள் குளோராம்பெனிகால் களிம்பு இட்டனர். காயம்பட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் உண்டாகவில்லை. மதுரைப் பகுதிச் சிற்றூர்களிலும் இம்முறை பின்னர் சோதிக்கப்பட்டுப் பயன் தந்தது.

புண் உண்டாகிவிட்டால் மருத்துவம் காரணத்தைப் பொறுத்தது. புண்ணிலிருந்து சிறிது சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தே பூஞ்சையா பாக்டீரியாவா என முடிவு செய்வர். பூஞ்சைக்கு நாட்டமைசின் சொட்டு மருந்தே முதன்மையானது. 323 நோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஒப்பாய்வும் இதனை உறுதிசெய்தது. மருந்துக்கு அடங்காவிடில் கருவிழி மாற்று அறுவையே வழி. செய்யக்கூடாதவையும் உண்டு: மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து சிவப்பைக் குறைத்து, பூஞ்சையை வளர்த்துவிடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடுவதும் கிருமியை வரவழைப்பதே.

இனி சட்டத்துக்கு வருவோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வையிழப்பைச் சிறந்த கண்ணின் பார்வையைக் கொண்டே அளக்கிறது. மற்றொரு கண் நலமாயிருந்தால், ஒரு கண்ணை முற்றிலும் இழந்தவருக்கு மதிப்பீட்டு வழிகாட்டுதல்படி 30 விழுக்காடு ஊனமே. இடஒதுக்கீட்டுக்குத் தேவை 40 விழுக்காடு. ஒரு நூற்றாண்டு வழக்கிலிருந்த 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும் ஒரு கண்ணின் பார்வை இழப்பை 30 விழுக்காட்டு உழைப்புத்திறன் இழப்பு என்றே அளவிட்டது. வேளாண்மையிலோ இயந்திரம் கொண்டு செய்யும் வேலைகளையே அது பெரிதும் தன் பட்டியலில் சேர்த்திருந்தது. அரிவாளும் கொத்தும் ஏந்தி நின்றவர் அதன் எல்லைக்கு வெளியே நின்றார். அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் சிறந்த கண்ணையே கணக்கிடுகிறது. விளைவு, வயலில் ஒரு கண்ணை இழந்த தொழிலாளியைக் குருடர் எண்ணிக்கையும் எண்ணாது, ஊனமுற்றோர் சலுகையும் தொடாது.

இழந்தபின் கிடைப்பது இவ்வளவு குறைவு என்பதாலேயே, இழக்குமுன் கேட்பது உரிமைப் போராட்டமாகிறது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணைச் சுகாதார நிலையத்திலும் நுண்ணுயிர்க்கொல்லிக் கண் களிம்பு எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் அதனை இடப் பயிற்சி பெற வேண்டும். வேலையளிப்பவர் கண்ணாடிக் கவசம் தர வேண்டும். காயம்பட்டு மருத்துவரிடம் சென்ற நாளின் கூலி பிடிக்கப்படலாகாது. உயிர்காக்கும் உடனடிச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்த வழக்கைத் தொடுத்ததும் மேற்கு வங்கத்தின் வேளாண் தொழிலாளர் சங்கமே என்பதை மறக்கலாகாது.

மாணவர்களும் களப்பணியாளர்களும் இன்றே செய்யக்கூடியவை இரண்டு. கீறல் பட்டவரை அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; புறநோயாளிச் சீட்டில் காயத்தின் காரணத்தையும், பட்ட இடத்தையும் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்து, கூலித் தொழிலாளரை முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவுசெய்ய உதவுங்கள். விபத்து உதவிக்கு அப்பதிவே அடிப்படை. முன்னது கண்ணைக் காக்கும், தவறினால் சான்றாக நிற்கும். சீட்டில் எழுதப்படாத காயத்தை எந்த நீதிமன்றத்திலும் நிறுவுவது கடினம்.