பெட்டிக்குள் இருக்கும் பத்து வயது

பேரங்காடியில் பொம்மைக் கடைப் பக்கம் போகும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா, மாணவர்களே? குண்டாம் ரோபோ, போர் விமானம், பந்தயக் கார் என்று மாடல் கிட் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் மூலையில் நிற்பவர்கள் பலர் உங்கள் வயதுக்காரர்கள் அல்லர். நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். ஒருவர் பெட்டியைக் கையில் எடுப்பார், பக்கத்தில் இருக்கும் படத்தை உற்றுப் பார்ப்பார், வைத்துவிடுவார். கடையை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அதே பெட்டியிடம் வந்து நிற்பார். ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "சின்ன வயதில் இது என்னிடம் இருந்தது" என்பார். இல்லாவிட்டால், "சின்ன வயதில் இதைக் கேட்டு அழுதேன், கிடைக்கவில்லை" என்பார்.

அந்தச் சின்னப் பதிலுக்குள் வேதியியல், உயிரியல், உளவியல் மூன்றும் ஒளிந்திருக்கின்றன. முதலில் பெட்டியைத் திறப்போம்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக். சின்னச் சின்ன மணிகளாக வரும் பாலிஸ்டைரீனை ஏறக்குறைய 200 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி இளக்கி, மிகுந்த அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்துகிறார்கள். அச்சின் குழிகளில் பாய்ந்த பிளாஸ்டிக் குளிர்ந்து இறுகியதும் அச்சு திறக்கும். துண்டுகளைச் சுற்றி ஒரு சட்டம் இருக்கிறதே, அது வேறொன்றுமில்லை. இளகிய பிளாஸ்டிக் குழிகளுக்குள் ஓடிப்போன வாய்க்கால்தான்.

பிளாஸ்டிக் மலிவு. எஃகு அச்சு செய்வதுதான் பெருஞ்செலவு. அதனால் ஒரு முறை செய்த அச்சை நிறுவனங்கள் எளிதில் தூக்கி எறிவதில்லை. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1952-இல் கோல்டன் ஹைண்ட் என்ற பழங்காலப் பாய்மரக் கப்பலின் கிட்டையும், மறு ஆண்டு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் கிட்டையும் விற்கத் தொடங்கியது. பல தலைமுறைச் சிறுவர்கள் அந்த நிறுவனத்தின் பெட்டிகளோடு வளர்ந்தார்கள். 2006-இல் அது நொடித்துப் போனபோது ஹார்ன்பி என்ற இன்னொரு நிறுவனம் அதை வாங்கியது. இன்று 'விண்டேஜ் கிளாசிக்ஸ்' என்ற பெயரில் பழைய அச்சுகளிலிருந்தே கிட்டுகளை மறுபடி வார்த்து விற்கிறார்கள். சில அச்சுகள் தேய்ந்துவிட்டன. துண்டுகளின் ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் கசிந்து நிற்கும், கத்தியால் சீவ வேண்டும். அப்படியும் வாங்குகிறார்கள். காரணம், தாம் பத்து வயதில் கையில் பிடித்த துண்டு எந்த அச்சிலிருந்து வந்ததோ, அதே அச்சிலிருந்துதான் இதுவும் வந்திருக்கிறது.

நம் வட்டாரத்தில் இந்த ஏக்கம் பெரும்பாலும் ஜப்பானியப் பெட்டிகளைச் சுற்றித்தான். தமியா நிறுவனம் 1946-இல் ஷிசுவோக்கா நகரில் மர வியாபாரமாகத் தொடங்கி, பிறகு மரத்தில் மாடல்கள் செய்து, அங்கிருந்து பிளாஸ்டிக்குக்கு வந்தது. 1982-இல் அது வெளியிட்ட 'மினி ஃபோர் டபிள்யூ டி' கார்களை உங்கள் அப்பாவோ மாமாவோ நிச்சயம் அறிந்திருப்பார். இரண்டு பென்சில் பேட்டரி, ஒரே மோட்டார், நான்கு சக்கரங்களும் சுழலும். திசைதிருப்பும் கருவி கிடையாது. பக்கவாட்டு உருளைகள் ஓடுதளச் சுவரில் உரசியபடி வளைவில் திரும்பும். 90-களில் பேரங்காடிகளில் ஓடுதளம் போட்டுப் பந்தயம் விட்ட தலைமுறைதான் இன்று உங்களைப் பள்ளிக்குக் காரில் கொண்டுவந்து விடுகிறது. குண்டாம் தொலைக்காட்சித் தொடர் 1979-இல் வந்தது. மறு ஆண்டு பண்டாய் நிறுவனம் 300 யென் விலையில் முதல் கிட்டை விற்றது. கதைப்படி குண்டாமின் உயரம் 18 மீட்டர். கிட்டின் அளவு 1/144. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12.5 செண்டிமீட்டர். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது பசை. இன்றைய குண்டாம் துண்டுகளை அழுத்தினாலே பொருந்திக்கொள்ளும். 1980-இல் வந்தவற்றுக்கும் ஏர்ஃபிக்ஸ் விமானங்களுக்கும் பசை வேண்டும். அதைப் பசை என்று சொல்வதே சரியில்லை. காகிதப் பசை இரண்டு தாள்களுக்கு நடுவே மூன்றாவது பொருளாக நின்று அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. மாடல் பசையோ ஒரு கரைப்பான். அது பாலிஸ்டைரீனின் மேற்பரப்பைச் சற்றே கரைக்கும். இரு துண்டுகளிலும் உள்ள நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் இளகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியாகிப் போனதும் இரண்டு துண்டும் ஒரே துண்டாகிவிடும். உலோகத்தைப் பற்றவைப்பது போலத்தான். இதைப் பார்க்க ஆசையாக இருந்தால், ஆரஞ்சுத் தோலை மடித்துப் பிழிந்து, அதன் சாற்றை வெள்ளை நுரைப்பெட்டித் துண்டின் மேல் படவிடுங்கள். தோலில் இருக்கும் லிமோனின் என்ற எண்ணெய் அதை அரித்துக் குழியாக்கும். நுரைப்பெட்டியும் பாலிஸ்டைரீன்தான். லிமோனின் கலந்த மாடல் பசையும் கடையில் உண்டு. திறந்தால் ஆரஞ்சு மணக்கும்.

ஆவியாகும் பொருள் எதுவானாலும் மூக்குக்கு வரும். கதை சூடு பிடிப்பது இங்கேதான். கண் பார்த்தது, காது கேட்டது, தோல் தொட்டது எல்லாம் மூளையில் தலாமஸ் என்ற பகுதி வழியாகச் சென்றுதான் மேல்மூளையை அடைகின்றன. மணத்துக்கு மட்டும் அந்த வாசலில் நிற்க வேண்டிய கட்டாயமில்லை. மூக்கின் நரம்புகள் முகர்வுக் குமிழுக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டாலாவுக்கு நேர்வழி இருக்கிறது. நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸும் பக்கத்து வீடுதான். அதனால்தான் ஒரு மணம் முதலில் நெஞ்சை என்னவோ செய்கிறது, எந்த இடம், எந்த வருடம் என்பது பிறகு மெல்ல வருகிறது. சொற்களும் படங்களும் எழுப்பும் நினைவுகளைவிட மணம் எழுப்பும் நினைவுகள் இன்னும் பழையவையாக, பலருக்குப் பத்து வயதுக்கு முந்தியவையாக இருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

(ஓர் ஆசிரியராக இதைச் சொல்லாமல் இருக்க முடியாது: அந்த மணம் பசையோடு தற்செயலாக வருவது. கரைப்பான் ஆவியை வேண்டுமென்றே முகர்வது மூளையையும் இதயத்தையும் பாதிக்கும், உயிரையும் எடுக்கும். சன்னலைத் திறந்து வைத்துத்தான் ஒட்ட வேண்டும்.)

மணத்தோடு கைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டத்திலிருந்து துண்டை நறுக்கும் விதம், ஓரத்தைத் தேய்க்கும் விதம் இவையெல்லாம் வேறொரு வகை நினைவு. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோயைத் தணிப்பதற்காக இரு பக்க ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை அகற்றினார்கள். அதன்பின் அவரால் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் என்ற அறிவியலாளர் அவருக்குக் கொடுத்தபோது, நாளுக்கு நாள் கை தேர்ந்துகொண்டே வந்தது. நேற்று வரைந்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை! கையின் திறனுக்கு மூளையில் தனி இடம் இருக்கிறது என்பது அப்படித்தான் தெரிய வந்தது. முப்பது ஆண்டு கழித்துக் கிட்டைப் பிரிக்கும் ஒருவர், "கை தானாகவே செய்கிறது" என்று வியப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, ஏன் குறிப்பாகச் சிறுவயது? நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நிகழ்ச்சிகளைச் சொல்லச் சொன்னால், 10 முதல் 30 வயது வரையிலான நினைவுகள் மற்ற காலத்தைவிட அதிகமாகக் குவிந்திருக்கும். உளவியலாளர்கள் இதை 'நினைவு மேடு' என்கிறார்கள். முதல் முறையாகச் செய்தவை அந்த வயதில்தான் அதிகம் என்பது ஒரு விளக்கம். நீங்கள் இப்போது நிற்பது அந்த மேட்டின் அடிவாரத்தில்.

இந்த ஏக்கத்துக்கு ஆங்கிலத்தில் நொஸ்டால்ஜியா என்று பெயர். தொடக்கத்தில் அது நோயின் பெயர் என்றால் நம்புவீர்களா? 1688-இல் யொஹானஸ் ஹோஃபர் என்ற 19 வயது மருத்துவ மாணவர், ஊர் ஏக்கத்தால் வாடிய சுவிட்சர்லாந்துக்காரர்களைப் பற்றி எழுதிய ஆய்வில், 'வீடு திரும்புதல்', 'வலி' என்ற இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அந்தப் பெயரை உருவாக்கினார். மலைநாட்டவர் தாழ்நிலத்துக்கு வந்ததால் காற்றழுத்தம் கூடி உடலைப் பாதித்தது என்றுகூட பிறகு ஒருவர் விளக்கம் கொடுத்தார். அந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். தவறாக இருந்தாலும் அறிவியல் விளக்கம் தேடியிருக்கிறார் பாருங்கள்.

கடந்த 20 ஆண்டுகளில் பார்வை தலைகீழாக மாறிவிட்டது. பிரிட்டனின் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்டைன் செடிகிடீஸ், டிம் வில்ட்சுட் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் பழையதை எண்ணி ஏங்குவது பெரும்பாலும் மனம் சோர்ந்திருக்கும் நேரத்தில், குறிப்பாகத் தனிமை வாட்டும்போது என்று கண்டார்கள். ஆனால் அப்படி எண்ணிப் பார்த்த பிறகு, மற்றவர்களோடு இணைந்திருக்கிறோம் என்ற உணர்வு அவர்களுக்குக் கூடியது. அதாவது ஏக்கம் சோர்வைக் கொண்டுவரவில்லை. சோர்வு வரும்போது மனம் தானே எடுத்துக்கொள்ளும் மருந்து அது.

இதை வகுப்பில் சொன்னபோது படிவம் மூன்று மாணவன் ஒருவன் எழுந்தான். "டீச்சர், நான் காலணி கேட்டால் அடுத்த மாதம் என்கிறார் அப்பா. அவர் மட்டும் ரோபோ பெட்டி வாங்கிக்கொண்டே இருக்கிறார்" என்றான். வகுப்பே சிரித்தது. எப்போதிலிருந்து வாங்குகிறார் என்று கேட்டேன். சற்று யோசித்து, "பாட்டி போன பிறகு" என்றான். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை, அவனும் பேசவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உங்கள் ஏக்கம் என்னவென்று விற்பவருக்கும் தெரியும். 'குறைந்த எண்ணிக்கை', 'மறுவெளியீடு' என்ற சொற்கள் பெட்டியில் சும்மா அச்சாவதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், 'வேண்டும்' என்ற உந்துதலும் 'பிடித்திருக்கிறது' என்ற மகிழ்ச்சியும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்று காட்டியவர். டோபமின் என்ற வேதிப்பொருள் அதிகம் தூண்டுவது முதலாவதை. பல வீடுகளில் பிரிக்காத பெட்டிகள் அலமாரி நிறையக் கிடப்பதை இது நன்றாகவே விளக்குகிறது. என்னைக் கேட்டால், பிரிக்காத பத்துப் பெட்டிகளைவிடப் பாதி கட்டி முடித்த ஒரு பெட்டி மேல்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எஃகு அச்சு மாறவில்லை. நினைவு அப்படியே இருக்கிறதா? 2000-ஆம் ஆண்டில் கரீம் நாடர் குழுவினர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஓர் ஒலி கேட்டால் மின்னதிர்ச்சி வரும் என்று எலிகள் கற்றிருந்தன. அந்த ஒலியை மீண்டும் ஒலித்து நினைவைக் கிளறியவுடன், புதிய புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தை அமிக்டாலாவில் செலுத்தினார்கள். பிறகு எலிகளிடம் பயம் பெரிதும் குறைந்துபோனது. நினைவைக் கிளறாமல் மருந்தை மட்டும் கொடுத்தபோது பயம் அப்படியே இருந்தது. ஆக, ஒரு நினைவை வெளியே எடுக்கும்போது அது இளகுகிறது, மறுபடி இறுக வேண்டியிருக்கிறது. அச்சிலிருந்து வரும் பிளாஸ்டிக் ஒரு முறைதான் இறுகும். நினைவோ எடுக்கும் ஒவ்வொரு முறையும் சற்று மாறி இறுகக்கூடும்.

அதனால் பழைய கிட்டைப் பிரித்தவர்கள் பலர் முதலில் சொல்வது, "இவ்வளவு சின்னதாகவா இருந்தது?" நினைவு மாறியது ஒரு காரணம். இன்னொன்று வெறும் அளவு. அந்த 12.5 செண்டிமீட்டர் ரோபோவைப் பத்து வயதில் பிடித்த கையின் நீளம் ஏறக்குறைய 15 செண்டிமீட்டர். பெரியவராகும்போது அது 18, 19 ஆகிவிடுகிறது. ரோபோ அப்படியே இருக்கிறது, அளவுகோல் வளர்ந்துவிட்டது.

இந்த வாரம் இதைச் சோதித்துப் பாருங்கள். வீட்டில் பெரியவர் ஒருவரிடம், சிறுவயதில் கட்டிய ஒரு மாடலையோ விளையாடிய ஒரு பொம்மையையோ நினைவிலிருந்து விவரிக்கச் சொல்லுங்கள். நிறம் என்ன, எவ்வளவு பெரியது, யார் வாங்கிக் கொடுத்தது, பக்கத்தில் யார் இருந்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அளவை வாயால் சொல்ல விடாதீர்கள். இரு கைகளையும் விரித்துக் காட்டச் சொல்லி அளவுகோலால் அளந்துவிடுங்கள். பிறகு அதே பொருளின் உண்மையான அளவைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கடைசிக் கேள்விக்கு, பக்கத்தில் யார் இருந்தார் என்பதற்கு, பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆகலாம். அவசரப்படுத்த வேண்டாம்.