மரத்துக்கு முன்னால் மனம் ஏன் வருகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் ஒரு கூட்டம் கூடும். கூட்டம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆறேழு பேர், நாலைந்து லேப்டாப், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அவ்வளவுதான். பாத்திரக்கடை அண்ணாச்சி, பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவர், ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் ஒரு பெண், பாலிடெக்னிக் பையன் ஒருவன், கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான். கம்ப்யூட்டர் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர் எங்களில் ஒருவரும் இல்லை. புரோகிராம் எழுதுவது எங்களுக்குப் பொழுதுபோக்கு. சிலர் வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அது இங்கே வேண்டாம்.

நாங்கள் எழுதுவதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். கடையில் எந்தக் குடம் எத்தனை கிடக்கிறது, எந்த வீட்டுக்கு எவ்வளவு பால் பாக்கி, கல்யாண மொய்ப் பட்டியல். இவற்றை யாரும் காசு வாங்கிக்கொண்டு எழுதித்தர மாட்டார்கள். கேட்டாலும் அவர்கள் சொல்லும் தொகைக்குப் புதுக் குடமே வாங்கிவிடலாம். அதனால் நாமே எழுதுகிறோம், நடுவில் சிக்கிக்கொள்கிறோம், சிக்கலோடு மாடி ஏறுகிறோம்.

எந்த மாதிரிச் சிக்கல் என்று கேட்பவர்களுக்கு அண்ணாச்சியின் தம்போலாவைச் சொல்வேன். குடும்ப விழா ஒன்றுக்காக, எண்களைக் குலுக்கிப் போட ஒரு புரோகிராம் எழுதினார். பைத்தான் மொழியில் குலுக்கல் வேலைக்கென்றே ‘ரேண்டம்’ என்ற ஆயத்தப் பகுதி உண்டு. அதைக் கூப்பிட்டால் போதும், குலுக்கித் தந்துவிடும். அண்ணாச்சியும் முறையாகத்தான் கூப்பிட்டிருந்தார். ஆனால், தான் எழுதிய கோப்புக்கும் ரேண்டம் என்றே பெயர் வைத்துவிட்டார். பைத்தான் முதலில் பக்கத்தில் இருக்கும் கோப்பைத்தான் பார்க்கும். ரேண்டம் வேண்டும் என்றதும் அவருடைய கோப்பையே எடுத்துக்கொண்டு, ‘நீ கேட்கிற குலுக்கல் இதில் இல்லையே’ என்று எரர் காட்டியது. அவர் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். வரியில் தப்பே இல்லை, பெயரில்தான் இருந்தது. கோப்பின் பெயரைத் தம்போலா என்று மாற்றினோம், ஓடியது.

இது உலகம் முழுக்கப் புதிதாகப் பைத்தான் படிக்கிறவர்கள் விழும் குழி. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் அரை நிமிட வேலை, சொல்ல ஆள் இல்லாவிட்டால் ஒரு நாள் போய்விடும். 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13 பதிப்பில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். இந்தக் குழியில் விழுந்தால் எரர் செய்தியே, ‘உங்கள் கோப்பின் பெயர் ஆயத்தப் பகுதியின் பெயரோடு மோதுகிறது, மாற்றிப் பாருங்கள்’ என்ற பொருளில் சொல்லிவிடுகிறது. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி அலுத்த பதில், மொழிக்குள்ளேயே ஏறிவிட்டது.

பைத்தானே ஒரு பொழுதுபோக்கில் பிறந்ததுதான். ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த கைடோ வான் ராசம், 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் கையைச் சும்மா வைத்திருக்கப் பிடிக்காமல் எழுத ஆரம்பித்தார். 1991இல் வெளியிட்டார். பெயர் கூட மலைப்பாம்பிலிருந்து வரவில்லை, ‘மான்ட்டி பைத்தான்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவிடமிருந்து வந்தது.

உதவி செய்வதற்கு எங்களிடம் ஒரே ஒரு சட்டம்தான்: கீபோர்டு கேட்டவர் கையிலேயே இருக்க வேண்டும். ‘கொடுங்க, நான் போட்டுத் தரேன்’ என்று பையன் ஆரம்பித்தால் ஸ்கேன் சென்டர் பெண் அவன் கையில் தட்டுவாள். இதில் நான் அவள் கட்சி. அவன் போட்டுத் தந்தது அன்றைக்கு ஓடும், அடுத்த வாரம் ஏதாவது மாறினால் மறுபடி அவனையே தேட வேண்டும்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஸ்கிரீனைச் செல்போனில் சாய்வாகப் படம் பிடித்து, ‘ஓடல, என்னன்னு பாருங்க’ என்று அனுப்புகிறவர்கள் உண்டு. படத்தில் டியூப்லைட் தெரியும், எரர் தெரியாது. எழுத்தாக அனுப்பினாலும் வம்புதான். சில போன்கள் நேரான மேற்கோள் குறியை அழகுபடுத்தி வளைந்த குறியாக்கிவிடும், பைத்தானுக்கு வளைந்த குறி புரியாது. எரர் செய்தியை எல்லோரும் மேலிருந்து படிக்கிறார்கள். பைத்தானில் என்ன கோளாறு என்பது கடைசி வரியில் இருக்கும், எந்த வரியில் என்பது அதற்குச் சற்று மேலே. கடைசி வரியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாலே பாதிப் பேர் ‘ஓ’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வார்கள். மீதிப் பேரிடம், சிக்கலுக்குச் சம்பந்தமில்லாத வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடச் சொல்வோம். இருநூறு வரி ஐந்து வரியாகச் சுருங்கும்போது கோளாறு ஒளிந்துகொள்ள இடமிருக்காது.

பால் சொசைட்டிக்காரரின் கணக்கை அப்படித்தான் ஒரே வரிக்குக் கொண்டுவந்தோம். 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 வந்தது. கம்ப்யூட்டர் எண்களை இரண்டின் அடுக்குகளாகப் பிரித்து வைத்துக்கொள்வதால் பத்தில் ஒன்றை அதனால் முடிவாக எழுத முடியாது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதிக்கொண்டே போவதில்லையா, அந்தச் சங்கடம்தான். ரூபாயை விட்டுவிட்டு எல்லாவற்றையும் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொள்ளச் சொன்னோம். அதோடு முடிந்தது.

என் சிக்கல் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. சொந்தப் புத்தகங்களையும், அக்கம்பக்கத்தில் கொடுத்தவற்றையும் சேர்த்து வீட்டிலேயே ஒரு சின்ன நூலகம் வைத்திருக்கிறேன். தலைப்புகளை அகர வரிசையில் அடுக்கச் சொல்லி எழுதினேன். பைத்தானில் அடுக்குவதற்கு ஒரு சொல் போதும். அடுக்கியும் கொடுத்தது, ஆனால் வேலை பார்த்த காலத்தில் அப்படி ஒரு அட்டவணையை நான் அனுப்பியிருந்தால் மெமோ வந்திருக்கும். மரம், மலர், மழை, மறதி, மனம் என்றல்லவா வரவேண்டும்? மனம், மரம், மறதி, மலர், மழை என்று வந்தது. அக்காவுக்கு முன்னால் அகம் வந்து நின்றது.

“புரோகிராம் கரெக்டாத்தான் மேடம் இருக்கு,” என்றான் பையன்.

“வரிசை தப்பா இருக்கே தம்பி.”

“எந்த வரிசை மேடம்?”

ககர ஙகரத்திலிருந்து னகரம் வரைக்கும் சொல்லிக் காட்டினேன். அவன் லேப்டாப்பைத் திருப்பி, ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டருக்குள் என்ன எண் என்று எனக்கே அடித்துப் பார்க்கச் சொன்னான். ந 2984. ன 2985. ர 2992. ற 2993. ல 2994. ள 2995. ழ 2996. வ 2997. கம்ப்யூட்டருக்கு அகரவரிசை என்று ஒன்று தெரியாது, எண் வரிசைதான் தெரியும். இந்த எண்களைத் தரும் யூனிகோடு முறையில் இந்திய எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கியபோது, ஏற்கெனவே இருந்த இந்தியத் தரம் ஒன்றைப் பின்பற்றி, எல்லா மொழிகளையும் தேவநாகரியின் அடுக்குக்கு இணையாக வைத்தார்கள். அதில் ன போய் ந-வுக்குப் பக்கத்திலும், ற போய் ர-வுக்குப் பக்கத்திலும் உட்கார்ந்துவிட்டன. ஜ, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில். நம் அகராதிகளில் அது கடைசியில் அல்லவா வரும்.

புள்ளியின் கதை தனி. நமக்கு ‘தமிழ்’ மூன்று எழுத்து. பைத்தானிடம் எண்ணச் சொன்னால் ஐந்து என்கும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. திருப்பிப் போடச் சொன்னால் புள்ளி முதலில் வந்து தொங்கும், ம-வின் இகரக் குறி ழ-வில் ஏறி ‘ழி’ ஆகிவிடும். புள்ளியின் எண் 3021, எல்லா மெய்களுக்கும் பின்னால். நம் வரிசையில் க் முதலிலும் க அடுத்தும் வரவேண்டும், எண் வரிசையிலோ கௌ கூட வந்த பிறகுதான் க் வரும். அக்கா பின்தங்கியது இதனால்.

இதற்கு வழி உண்டு. குறிகளைத் தனித்தனியாக விடாமல் முழு எழுத்தாகப் பிரித்துத் தரும் ‘ஓப்பன்-தமிழ்’ என்ற தொகுப்பு பைத்தானுக்கு இருக்கிறது. நம்மைப் போல் ஆர்வத்தில் எழுதுகிறவர்கள் கூடிச் செய்தது, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பையன் பிடிவாதக்காரன், முதலில் கையால் செய்து பார்ப்போம் என்றான். 247 எழுத்துகளையும் நம் வரிசையில் ஒரு பட்டியலாக வைத்தோம், கடைசியில் கிரந்த எழுத்துகள். தலைப்பை எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றும் அந்தப் பட்டியலில் எத்தனையாவது என்று பார்த்து, அந்த எண்களை வைத்து அடுக்கச் சொன்னோம். பட்டியலை விட்டால் இருபது வரி தாண்டவில்லை. அடித்தது நான்தான்.

அப்படியும் ‘கொ’வில் தொடங்கும் சில புத்தகங்கள் தேடினால் கிடைக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிறது, கம்ப்யூட்டர் இல்லை என்கிறது. காரணத்தை ஸ்கேன் சென்டர் பெண் கண்டுபிடித்தாள். ‘கொ’வை இரண்டு விதமாக எழுத முடியும். ஒகரக் குறியை ஒரே எண்ணாக, 3018 என்று வைக்கலாம். இல்லாவிட்டால் எகரக் கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டாக வைக்கலாம். ஸ்கிரீனில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய பட்டியல் ஒன்றிலிருந்து நகலெடுத்தவை இரண்டாவது வகை, நான் அடித்தவை முதல் வகை. எல்லாவற்றையும் ஒரே வகைக்கு மாற்ற ஆயத்தக் கருவி பைத்தானிலேயே இருக்கிறது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கிட்னியில் கல் கண்டுபிடித்த மாதிரி இருந்தாள்.

இப்போது ஏஐ வந்துவிட்டதே, அதைக் கேட்டால் போதாதா என்கிறார்கள். நாங்களும் கேட்கிறோம். எரர் செய்தியை விளக்கச் சொன்னால் பொறுமையாக விளக்குகிறது, அண்ணாச்சிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் அடுக்கும் வேலைக்கு அது தந்த புரோகிராம் ஓர் எரரும் இல்லாமல் ஓடி, மனத்தை மரத்துக்கு முன்னால்தான் வைத்தது. வரிசை தப்பு என்று சொல்ல, சரியான வரிசை தெரிந்த ஆள் ஒருத்தி உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. மாடிக்கு வருகிற புதியவர்கள் இப்போதெல்லாம் எழுதத் தெரியாமல் வருவதில்லை. ஏஐ எழுதித் தந்ததைப் படிக்கத் தெரியாமல் வருகிறார்கள். அதையும் ஐந்து வரிக்குச் சுருக்கத்தான் சொல்கிறோம்.

தலைப்பு முடிந்து இப்போது ஆசிரியர் பெயரில் நிற்கிறோம். இதில் கேட்பவன் பையன், சொல்கிறவள் நான். தி. ஜானகிராமனைத் தி-யில் வைக்கக் கூடாது, நூலக முறைப்படி ‘ஜானகிராமன், தி.’ என்று போக வேண்டும். “அப்போ புள்ளி வரைக்கும் உள்ளதைத் தூக்கிப் பின்னால போட்டுட்டாப் போதுமா மேடம்?” என்றான். சி.சு. செல்லப்பாவுக்கும் ந. பிச்சமூர்த்திக்கும் அது சரியாக வந்தது. சுந்தர ராமசாமிக்குப் புள்ளியே இல்லை, அவரை அப்படியே சு-வில் விடச் சொன்னேன். பிறகு லா.ச.ரா. வந்தார். புள்ளி வரைக்கும் தூக்கிப் பின்னால் போட்டதும் முன்னால் ஒன்றுமே மிஞ்சவில்லை, பட்டியலின் உச்சியில் வெறுமையாக ஒரு வரி நின்றது. ‘ராமாமிர்தம், லா.ச.’ என்று மாற்ற வேண்டும், ஆனால் அது எந்த விதியிலும் வராது, ஆளைத் தெரிந்திருந்தால்தான் வரும். விதிக்கு அடங்காதவர்களுக்கென்று தனிப் பட்டியல் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறான். கி.ரா.வைச் சொன்னேன், எழுதிக்கொண்டான். இன்னும் எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்று கேட்டான். அடுத்த வாரம் பெரிய நோட்டாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.