ஷெட்யூல் போட்ட பொண்ணு!

ஒரு தேர்தல் பிரசாரத்தில் ரொம்ப காஸ்ட்லியான ஐட்டம் எது? பணமா? இல்லை பாஸ், வேட்பாளரின் நேரம்! பணம் தீர்ந்தால் இன்னொருத்தரிடம் வசூல் பண்ணலாம். தீர்ந்துபோன நாளை யாரிடம் போய் கேட்பது?

அந்த நேரத்தைக் கூறு போட்டுக் கொடுக்கிற ஆளுக்குப் பெயர் ஷெட்யூலர். மேடையில் ஏறமாட்டார், போட்டோவில் விழமாட்டார். பேட்டி சோலிஸ் டாயிலின் அரசியல் கேரியர் சூடு பிடித்தது அந்த நாற்காலியில்தான்.

மெக்ஸிகோவிலிருந்து அமெரிக்காவின் சிகாகோவுக்குப் பிழைக்க வந்த குடும்பத்துப் பொண்ணு பேட்டி. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் படிப்பு. 1989-ல் அந்த ஊர் மேயர் தேர்தலில் ரிச்சர்ட் டேலிக்காக வேலை. அங்கே பிடித்த அறிமுகம், பில் கிளின்டனின் ஜனாதிபதி தேர்தல் டீமில் கொண்டுபோய் சேர்த்தது. கொடுத்த வேலை, வேட்பாளரின் மனைவி ஹிலாரிக்கு ஷெட்யூல் போடுவது. அப்போது அவருக்கு இருபதுகளில்தான் வயசு.

கிளின்டன் ஜெயித்தார். வெள்ளை மாளிகையிலும் பேட்டிக்கு அதே வேலை. யாரைப் பார்க்கணும், யாருக்கு 'ஸாரி' சொல்லணும் என்று வருஷக்கணக்கில் முடிவு செய்தவருக்கு, அரசியலில் யார் யாருக்கு வேண்டியவர் என்பது அத்துப்படியானது.

2007-ல் ஹிலாரியே ஜனாதிபதி வேட்பாளராகக் களமிறங்க, பிரசார மேனேஜர் பேட்டி! அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் லத்தீனா, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண், அவர்தான்.

அப்புறம்தான் சறுக்கல். கட்சியின் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்ய மாநிலம் மாநிலமாக ஓட்டெடுப்பு நடக்கும். முதல் மாநிலமான அயோவாவில், 2008 ஜனவரி 3-ம் தேதி ஹிலாரிக்குக் கிடைத்தது மூன்றாவது இடம். ஜெயித்தது ஒபாமா! பிப்ரவரி 5-க்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று போட்ட கணக்கு தப்பாகிப்போனது. கோடி கோடியாகத் திரட்டிய பணம் கரைந்து, ஹிலாரி சொந்தக் காசிலிருந்து 50 லட்சம் டாலர் கடன் கொடுக்கவேண்டிய நிலைமை. பிப்ரவரி 10-ல் பேட்டி பதவி விலகினார். 'அனுபவத்தைப் பார்க்காமல் விசுவாசத்தைப் பார்த்துக் கொடுத்த பதவி' என்று விமர்சனங்கள் வேறு.

கதை முடிந்ததா? இல்லை. கொஞ்சம் பின்னால் போவோம். அயோவாவில் ஓட்டெடுப்புக்கு முன்பு, ஒபாமாவைப் பற்றி ஒரு வதந்தி மெயிலை ஹிலாரி தரப்பு தொண்டர் ஒருவர் பரப்பினார். அவரை நீக்கிவிட்டு, ஒபாமாவின் மேனேஜர் டேவிட் பிளஃபுக்குத் தானே போன் போட்டு மன்னிப்புக் கேட்டதாக 2016-ல் டி.வி-யில் சொன்னார் பேட்டி. அனல் பறக்கும் போட்டியில், எதிர் முகாமுக்கு ஒரு போன்!

2008 ஜூனில் ஹிலாரி போட்டியிலிருந்து விலகினார். அடுத்த சில நாட்களிலேயே ஒபாமா டீம் பேட்டியை வேலைக்கு எடுத்தது. பதவி, துணை ஜனாதிபதி வேட்பாளருக்குத் தலைமை அலுவலர். தமாஷ் என்னவென்றால், அந்த வேட்பாளர் யார் என்றே அப்போது முடிவாகவில்லை! 'அப்படின்னா ஹிலாரி இல்லை' என்று அவரது ஆதரவாளர்கள் கொதித்தார்கள். ஆகஸ்டில் ஜோ பைடன் பெயர் வந்தது. நவம்பரில் வெற்றி.

நம்ம ஊர் கல்லூரி விழாவிலும் மைக் பிடிக்கத்தான் அடிதடி. யார் எத்தனை மணிக்கு மேடையேறணும் என்று லிஸ்ட் எழுதுகிற வேலைக்கு ஆள் கிடைக்காது. அடுத்த முறை அந்த லிஸ்ட்டை நீங்க வாங்கிக்குங்க பாஸ்!