குடும்ப வரலாறும் இருதயத் தசை நோயும்

பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் பாட்டன், மகன், பேரன் என மூன்று தலைமுறையினர் ஒரே லயத்தில் வாழ்ந்தனர். எந்த வீட்டில் எவர் எப்படி இறந்தார் என்பது தோட்டம் முழுவதும் அறிந்த செய்தி. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், பின்னர் பரவிய செம்பனைப் பயிரும் அக்குடும்பங்களை ஈப்போ, சுங்கை சிப்புட் முதலிய ஊர்களுக்கும் அப்பாலும் பிரித்து அனுப்பின. அவற்றோடு சிதறிய செய்திகளுள் ஒன்று மருத்துவருக்கு இன்றியமையாதது. இளவயதில் திடீரென இறந்த உறவினர் எவர் என்பதே அது.

திடீர் மரணம் யாவற்றையும் மாரடைப்பு என்றே சொல்வது மக்கள் வழக்கம். மாரடைப்பில் இருதயத்திற்கு இரத்தம் ஊட்டும் குழாய் அடைபடுகிறது. இருதயத் தசை நோயிலோ குழாய் சீராக இருப்பினும் தசையே கெடுகிறது. அதன் ஒரு வகையில் இருதயச் சுவர் தடிக்கிறது. மற்றொன்றில் அறை விரிந்து தளர்கிறது. தடிக்கும் வகை ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு உண்டு. பலர் தொல்லையின்றி வாழ்கின்றனர். சிலருக்கு ஓடும்போது மயக்கம் வரும். மிகச் சிலருக்கு மரணமே முதல் அறிகுறி.

1958-இல் லண்டன் மருத்துவர் டொனால்ட் டியர் இவ்வாறு தடித்த எட்டு இருதயங்களை விவரித்தார். 1990-இல் இதற்குக் காரணமான முதல் மரபணுப் பிழை அறியப்பட்டது. பெற்றோரில் ஒருவரிடம் பிழை இருப்பின், ஆணாயினும் பெண்ணாயினும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஆதலின் தந்தைவழியோடு தாய்வழியையும் ஆராய்தல் வேண்டும்.

ஐதராபாத் ஆய்வாளர் குமாரசாமி தங்கராஜ் முதலானோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியத் துணைக்கண்ட மக்களில் 100-க்குச் சுமார் 4 பேரிடம் இருதயத் தசைப் புரத மரபணு ஒன்றில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் காட்டியது. இதனைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. அவ்விடுபாடு மட்டுமே நோயை உண்டாக்குவதில்லை என்றும், சிலரிடம் அதனுடன் சேர்ந்து வரும் வேறு மாற்றமே பெரிதும் காரணம் என்றும் பிந்தைய ஆய்வுகள் உணர்த்துகின்றன. எனவே மரபணுச் சோதனையோடு குடும்ப வரலாறும் தேவைப்படுகிறது.

அதனை எழுதுவது எளிது. மூன்று தலைமுறையினரின் பெயர், இறந்த வயது, இறந்த விதம் ஆகியவற்றைக் குறித்தால் போதும். ‘பேய் அடித்தது’ என்று அக்காலத்தில் சொல்லப்பட்ட மரணத்தையும், நீந்தத் தெரிந்தவர் நீரில் மூழ்கியதையும் விட்டுவிடலாகாது. ஐயம் எழுந்தால் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோர் இருதய மின்பதிவும் ஒலி அலைப் படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். நோய் பிற்காலத்திலும் தோன்றக்கூடுமாதலின் ஒருமுறைச் சோதனை போதாது. முன்னரே அறிந்தால் மருந்தும், தேவையானோர்க்கு உடலில் பொருத்தும் கருவியும் உயிர் காக்கும். லயத்து வாழ்க்கையை நினைவில் வைத்துள்ள முதியோர் குறைந்து வருகின்றனர். அவர்களைக் கேட்டறிய வேண்டிய காலம் இதுவே.